ராத்திரி போனை யார் எடுப்பது?

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு குழுவுக்கு விதிநோட்டு எதற்கு என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். பிரியமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா, இதற்கும் பக்கம் பக்கமாக எழுதி வைக்க வேண்டுமா என்றார் ஒரு தன்னார்வலர். போதாது என்பதுதான் என் பதில். மூத்த நர்ஸ் லீவு எடுக்கிற அன்றைக்கும் நோயாளிக்கு வலிக்கத்தான் செய்யும். ஒரே ஆளின் கைப்பக்குவத்தை நம்பி நடக்கிற வேலை, அந்த ஆள் மாற்றலாகிப் போனதும் படுத்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழு சிறியது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், வாரத்தில் சில நாள் வருகிற பிசியோதெரபிஸ்ட், வேன் ஓட்டுகிற தம்பி. அப்புறம் பீடி சுற்றுகிற பெண்கள், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று தன்னார்வலர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை தாமிரபரணி ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் போகிறோம், முக்கூடல் பக்கமும் உண்டு. கடும் வலிக்குக் கொடுக்கிற மார்பின் மருந்தை வைத்துக்கொள்ள அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கிற சமயத்தில், மருந்தை எங்கே பூட்டி வைப்போம், யார் கணக்கு எழுதுவார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்றெல்லாம் யோசித்து எழுத வேண்டி வந்தது. நோட்டு அங்கேதான் ஆரம்பித்தது.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வேலை, ஊர் ஊராகப் பரவி, 2008-ல் மாநில அரசே பாலியேட்டிவ் கேருக்கென்று, அதாவது தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்புக்கென்று, ஒரு கொள்கையை அறிவிக்கிற அளவுக்கு வளர்ந்தது. அங்கிருந்து கிடைத்த கையேடுகள் எங்களுக்குப் பெரிய துணை. ஆனாலும் அதை அப்படியே நகல் எடுத்துவிட முடியாது. அங்கே பல இடங்களில் பஞ்சாயத்தே வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிறது. இங்கே நாங்கள் வேனுக்கு டீசல் போடவே நன்கொடை கேட்கிறோம். அதனால் எங்களால் நிஜமாகச் செய்ய முடிகிறதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். நடக்காத விதியை நோட்டில் வைத்தால் நடக்கிற விதிக்கும் மதிப்புப் போய்விடும்.

முதல் பக்கம், யாரையெல்லாம் எடுத்துக்கொள்வது. பாலியேட்டிவ் என்றாலே கேன்சர், அதுவும் கடைசிக் கட்டம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றால்தான் எங்களிடம் வருவார்கள். நோட்டில் எழுதியிருப்பது வேறு: திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியான ஹைகிரவுண்டில் கரண்டு, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்டிருப்பவரையும் பார்ப்போம். சிகிச்சையும் நடக்கட்டும், வலிக்கு மருந்தும் நடக்கட்டும். பக்கவாதத்தில் விழுந்தவர், கிட்னி செயலிழந்தவர், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறவர், எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். பனையிலிருந்து விழுகிறவர்களில் சின்ன வயசுக்காரர்களும் உண்டு. நாங்கள் பார்க்கப்போவது மாதக்கணக்கில் இருக்காது, வருஷக்கணக்கில் இருக்கும். படுக்கைப் புண்ணும் மூத்திரக் குழாயும்தான் அவர்களுக்கு எமன். அவர்களுக்கென்று தனியாக நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

இதோடு சேர்ந்து ஒரு சின்ன விதி. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும் பிசியோவும் வருகிறார்கள். நாங்கள் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகுமுன் அந்தத் திட்டத்தில் அந்த ஊருக்கு வருகிற பெண்ணிடம் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்வோம், இன்னொரு வேலையை யாருமே செய்ய மாட்டோம்.

இனி மார்பின். நோட்டில் பெரிய பகுதி இதுதான்.

போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தது. அதில் லைசென்ஸ் மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால், பல ஆஸ்பத்திரிகள் வம்பே வேண்டாமென்று மார்பினை விட்டுவிட்டன. வலியில் துடித்தவர்கள் துடித்துக்கொண்டே போனார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு மார்பின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசிய மருந்துகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் வாங்கினால் போதும் என்றானது. பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், வந்தது போனது அத்தனைக்கும் கணக்கு இருக்க வேண்டும். கணக்கு எழுதுவதைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுங்கான கணக்கு இருக்கிறவரைக்கும்தான் இந்த மாத்திரை நம் நோயாளிக்குக் கிடைக்கும்.

கணக்கை விடச் சிரமம், வீட்டில் புரிய வைப்பது. சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க வலியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 என்று மணிக்கணக்கு. ராத்திரி வேளைக்கு டாக்டர் இரட்டை அளவு எழுதிக்கொடுப்பார், நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியிருக்காது. மார்பின் எழுதினால் மலமிளக்கியும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், தனியாக எழுதிய சீட்டைக் கண்டால் நர்ஸ் டாக்டருக்குத் திரும்பப் போன் போட வேண்டும். வாந்தி நாலைந்து நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் கடைசிவரை போகாது. மூத்திரம் குறைந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், கிட்னி சரியில்லாதவருக்கு இந்த மருந்து உடம்பில் தங்கிவிடும். இப்படி ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் காரணத்தையும் ஒரு வரி எழுதியிருக்கிறோம். காரணம் தெரிந்த பெண், புதிதாக ஒன்று நடந்தாலும் யோசித்துச் செய்வாள்.

படிக்கத் தெரியாத வீட்டுக்கு ஒரு அட்டை. உதிக்கிற சூரியன், ஏறுவெயில், உச்சி வெயில், விளக்கு, நிலா என்று படம் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறத்தில் காகிதக் கவர். கொடுத்துவிட்டால் அட்டையில் ஒரு கோடு. அடுத்த தடவை போகிற நர்ஸ் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான்.

இன்னொரு விதி, வீட்டுக்காரர்கள் வாய் திறக்குமுன் நாமே பயத்தைக் கேட்டுவிடுவது. "இதக் குடுத்தா சீக்கிரம் போயிருவாகளாமே?" என்ற கேள்வி எல்லார் மனசிலும் இருக்கும், கேட்கத்தான் மாட்டார்கள். கேட்காமலே மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். அதனால் முதல் நாளே, "இந்த மாத்திரையப் பத்தி ஊர்ல என்ன சொல்லுதாக?" என்று நர்ஸ் ஆரம்பிக்க வேண்டும். வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது, முதல் ரெண்டு மூணு நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், தட்டி எழுப்பினால் எழுந்திருக்க வேண்டும், எழுப்பியும் எழாவிட்டாலோ மூச்சு ரொம்பவும் மெதுவாகிவிட்டாலோ போன் போட வேண்டும். இவ்வளவையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பலாம்.

நோயாளி இறந்த பிறகு மீதி மாத்திரை? இதற்கு நிறையப் பேசினோம். துக்க வீட்டில் போய் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. விட்டுவைக்கவும் முடியாது. முதல் நாளே "மீந்தால் எங்களிடம்தான் தர வேண்டும்" என்று சொல்லிவிடுவது, இறந்த ஒரு வாரத்துக்குள் துக்கம் கேட்கப் போகும்போது வாங்கிக்கொள்வது, அதுவரை பீரோவில் பூட்டி வைக்கச் சொல்வது என்று முடிவானது. வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் இருந்தால் மட்டும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். இரண்டு பேர் முன்னால் எண்ணி இரண்டு கையெழுத்து. திரும்பி வந்த மாத்திரை வேறு யாருக்கும் போகாது.

புண் பராமரிப்புப் பக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வெற்றிலை புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்று வந்த ஒரு ஆச்சி, முக்கூடல் பக்கம். புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வாடை தாங்காமல் ஆச்சியின் கட்டிலைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மருமகள் நல்ல பெண். இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் புண்ணைக் கழுவுவது, மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் பொடியாகத் தூவுவது என்று காட்டிக்கொடுத்தோம். கடைப் பஞ்சும் கட்டுத்துணியும் தினம் வாங்க அவர்களுக்கு வழியில்லை. பழைய நூல்சேலையை வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் எடுத்துக் காட்டினாள். பீடி இலை வெட்டுகிற கை அல்லவா, சேலைத் துண்டுகள் அத்தனையும் ஒரே அளவு, ஓரம் மடித்துப் பிசிறு உள்ளே போகும்படி அடுக்கியிருந்தாள். தூக்குச்சட்டியில் போட்டுக் குக்கரில் வைத்து, விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரைமணி நேரம் ஆவி காட்டி, மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள். நோட்டில் இன்றைக்கு இருக்கிற துண்டு அளவும் மடிப்பும் அவள் செய்ததுதான். அதற்குக் கீழேயே இன்னொரு வரி: பீடி இலை வெட்டும் கத்தரியில் புகையிலைத் தூள் இருக்கும், துணிக்குத் தனிக் கத்தரி வைக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த சேலை ஆகாது, ஈரத்தை உறிஞ்சாது. புழு வைத்த புண்ணுக்கு டர்பன்டைன் எண்ணெயைத் துணியில் நனைத்துப் புண் வாயில் வைக்க வேண்டும், உள்ளே ஊற்றக்கூடாது. வாடை குறைந்ததும் ஆச்சியின் கட்டில் பட்டாசலுக்கு (வீட்டுக் கூடத்துக்கு) வந்தது. பேரன் பேத்திகள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

வீட்டில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்கிற பக்கம்தான் அதிகம் அடித்துத் திருத்தப்பட்டது. "அவியகிட்ட மட்டும் சொல்லிராதிய சிஸ்டர்" என்று மனைவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளே போனால் அவர், "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும், அவ தாங்க மாட்டா, அவகிட்ட சொல்லிராதிய" என்பார். வாத்தியார் ஒரே பிடியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். டாக்டர், அவர்கள் கேட்கிற அளவுக்கு மட்டும் என்றார். கடைசியில் எழுதியது இது: நாமாகப் போய்க் கொட்டக்கூடாது. நோயாளி நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. "ஆஸ்பத்திரியில உங்ககிட்ட என்ன சொன்னாக?" என்று கேட்டு, அவர் எதுவரை வருகிறாரோ அதுவரை கூடப் போக வேண்டும். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும், மறுநாள் வேறு நர்ஸ் போய் உளறிவிடக்கூடாது.

திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்துகொண்டு தெருவைப் பற்றி எழுதாமல் ஒரு விதிநோட்டை முடிக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். அந்தப் பக்கம் சின்னது. எந்தத் தெருவாக இருந்தாலும் வாசலில் நின்று பார்க்கக்கூடாது, நோயாளி படுத்திருக்கும் இடத்துக்குப் போய், உட்கார்ந்து, தொட்டுப் பார்க்க வேண்டும். குடிக்கத் தண்ணீரோ காபியோ கொடுத்தால் எந்த வீடானாலும் வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் "வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்கிற ஆள் வீட்டுப் பார்வைக்கு வர வேண்டாம். யாரை முதலில் பார்ப்பது என்பதை வலி தீர்மானிக்கும், பெரிய வீடு சின்ன வீடு தீர்மானிக்காது. கூட்டத்தில் இதை வாசித்த பிறகு ஒருவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு யார் எதற்காகத் தயங்குகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். சாகப்போகிற நேரத்தில் அந்த அவமானத்தை நாம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

அதே பக்கத்தில் இன்னும் சில: அவர்கள் கேட்காமல் ஜெபமோ பூஜையோ துவாவோ நாமாகச் செய்யக்கூடாது. காபி குடிக்கலாம், பணம் வாங்கக்கூடாது. வேனில் புற்றுநோய் என்று எழுதக்கூடாது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டு வாசலில் அப்படியொரு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அறவே கூடாது.

ராத்திரி போன். ராத்திரி வேன் வராது, எங்களிடம் அதற்கு ஆளில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் போனைக் கட்டாயம் எடுப்போம். ஒரே நம்பர், இந்த வாரம் யார் கையில் என்று பட்டியல், ராத்திரி போன் வைத்திருந்தவருக்கு மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வேலை. எடுக்கிறவர் வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் பதில் சொல்ல, நோட்டிலேயே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறோம். வலி கூடினால் எது, எவ்வளவு. விடாமல் வாந்தி எடுத்தால் என்ன. கேன்சர் நோயாளிக்குத் திடீரென்று கால் பலமிழந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது, 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டுக்குப் போக வேண்டும், முதுகுத்தண்டு அழுத்தம் தாமதித்தால் மீளாது. கழுத்திலோ கன்னத்திலோ புண் உள்ள வீட்டில் அடர்சிவப்புத் துண்டு ஒன்று கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பெரிதாக ரத்தம் வந்தால் வெள்ளைத் துணியில் பார்க்கிறவர்கள் பயத்தில் செயலற்றுப் போவார்கள். எதற்காக அந்தத் துண்டு என்பதை வீட்டில் ஒருவரிடமாவது தைரியமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

கடைசி நேரத்துப் பக்கத்தில் பால் ஊற்றுவதைப் பற்றி எழுதினோம். நினைவு தப்பியவர் வாயில் பாலை ஊற்றினால் புரையேறி மூச்சுத் திணறும். ஊற்றாதீர்கள் என்றால் வீட்டார் மனசு கேட்காது, பிள்ளைகள் கையால் ஒரு வாய்ப் பால் இல்லாமல் போய்விட்டாரே என்று காலத்துக்கும் சொல்லுவார்கள். அதனால் பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டில் வைக்கச் சொல்வது என்று வைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து வைக்கலாம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அந்தச் சத்தம் பார்க்கிறவர்களுக்குத்தான் வேதனை, பெரும்பாலும் அவருக்குத் தெரியாது என்று சொல்லவும் வேண்டும்.

வீட்டில் இறந்தால் டாக்டர் 4ஏ படிவத்தில் இறப்புக்கான காரணத்தை எழுதிக்கொடுக்க வேண்டும், 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம். செயற்கை சுவாசமெல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. இதுவரை எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் கேட்கவில்லை, ஆனால் கேட்கிறவருக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

எழுதாமல் நிற்கிறது ஒரு பக்கம். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாக வீட்டில் கிடக்கிறவர்களுக்கான பக்கம். ராத்திரி பத்து மணி மாத்திரையை அவர்களுக்கு யார் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மார்பினை ஒப்படைக்கலாமா, அவளுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாமா, கொடுத்தால் யார் கொடுப்பது, பிள்ளைகளிடம் கேட்கலாமா? டாக்டர் கூடாது என்கிறார், கணக்கு யார் பொறுப்பு என்கிறார். நான் கொடுக்கலாம் என்கிறேன், இரண்டு வேளை மருந்து மட்டும் அவள் கையில், மீதி எங்கள் பூட்டில். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத்தான் எடுக்கிறோம். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், கூட்டத்தில் வாசிக்கிறேன்.